போடவிடாத கையெழுத்து

இருபத்திரண்டு வருடமாக ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். வக்கீலுக்குத் தெரிந்த சட்டத்தில் பாதியாவது எனக்கும் தெரியும் என்று வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் எல்லோரையும் நம்ப வைத்திருந்தேன். நானும் நம்பினேன். அதுதான் வினையாகப் போயிற்று.

என் தம்பிக்கு நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை, என்னோடுதான் இருந்தான். மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் வேன் ஓட்டினான். பெட்டி தூக்கி முதுகு பிடித்துக்கொண்டபோது வலி மாத்திரை போட ஆரம்பித்தவன், முதுகு சரியான பிறகும் நிறுத்தவில்லை. அவனால் நிறுத்த முடியவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒருநாள் வேனிலிருந்தே இரண்டு பெட்டி மாத்திரையை எடுத்துவிட்டான். கிடங்கு வாசலிலேயே பிடித்துக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

செய்தி கேட்டதும் அடித்துக்கொண்டிருந்த மனுவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். வக்கீல் ஐயா வெளியூர் வழக்குக்குப் போயிருந்தார். போனால் என்ன, நான் இல்லையா?

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். மேசைமேல் ஒரு தாள், தம்பி கையில் பேனா. அதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்னது இது?"

"உக்காருங்கம்மா," என்றார் அவர். "இவரை அரெஸ்ட் பண்ண வேண்டாம்னு பார்க்கறேன். எடுத்தது உண்மைன்னு எழுதிட்டு, ஆறு மாசம் ஆலோசகர்கிட்ட போய் சிகிச்சை எடுத்துக்கணும். அவ்வளவுதான். கேஸே கிடையாது. முதலாளியும் ஒத்துக்கிட்டாரு. முதல் நாள் நானே கூட்டிட்டுப் போய் விடறேன்."

"எடுத்தேன்னு எழுதி வாங்கிட்டு அதையே வச்சு கேஸ் போட எவ்வளவு நேரம் ஆகும்? யார் காதுல பூ சுத்தறீங்க?"

"இந்தத் தாளை கோர்ட்ல காட்டக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கும்மா. படிச்சுப் பாருங்க."

தினமும் நாற்பது பக்கம் படித்து அடிக்கிறவள் நான். அந்த ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை.

"அக்கா, நான் போட்டுடறேனே," என்றான் தம்பி. "அவங்க சொல்றது நல்லதாத்தான் படுது."

"வாயை மூடு. உனக்கு என்ன தெரியும்?"

பேனாவை அவன் கையிலிருந்து பிடுங்கி மேசையில் வைத்தேன். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. "நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்கு மேல என் கையில இல்லம்மா," என்றார். தம்பியை அங்கேயே விட்டுவிட்டு, தலை நிமிர்ந்து வெளியே வந்தேன்.

மறுநாள் நான் வேலையில் இருந்தபோது நிலையத்திலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. திரும்பவும் வந்தது. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"போன் அடிக்குதே, எடுக்கலையா?"

"அடிக்கட்டும். பூச்சாண்டி காட்டறாங்க. ஐயா வந்ததும் பேசிக்கலாம்."

மூன்றாவது முறை அடித்தபோது சத்தத்தையே நிறுத்திவிட்டேன். ஐந்து மணி தாண்டியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்த வக்கீல் ஐயா, நான் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நானா இருந்தா அவன் கையைப் பிடிச்சுப் போட வச்சிருப்பேனே," என்றார். அதற்குள் வழக்குப் பதிவாகியிருந்தது. கிடங்குக் கேமராவில் எல்லாம் துல்லியமாக இருந்தது. ஐயாவும் முட்டி மோதிப் பார்த்தார். எட்டு மாதம் கிடைத்தது.

பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பாதி ஆளாக இருந்தான். மாத்திரை இல்லாமல் முதல் வாரம் முழுக்க நடுங்கிக்கொண்டும் வாந்தி எடுத்துக்கொண்டும் கிடந்தானாம். சிமென்ட் தரையில், கேட்க ஆளில்லாமல். நான் வீட்டுக் கதை, பைப் ரிப்பேர் என்று என்னென்னவோ உளறிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்," என்றான். "மறுநாள் காலையில நானே இன்ஸ்பெக்டரம்மாகிட்ட கேட்டேன், கையெழுத்துப் போடறேன்னு. வீட்டு ஆள் ஒருத்தர் வந்து பொறுப்பு ஏத்துக்கணும், இல்லன்னா விட முடியாதுன்னாங்க. உனக்குப் போன் பண்ணாங்க. மூணு தடவை. நான் பக்கத்துலயே நின்னேன்."

நான் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ எடுக்கல. பரவால்லக்கா. அவ்வளவு கோபம் உனக்கு. திருடிட்டு வந்தவனுக்கு எவ ஓடி வருவா? நான் உன்னைக் குறை சொல்லல."

கோபமே இல்லையடா, உன்மேல் துளிகூடக் கோபம் இல்லை. கெட்டிக்காரத்தனம்தான், வேறொன்றும் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆறு மாத சிகிச்சையோடு போயிருக்க வேண்டியதை என் வாய்த்துடுக்கு சிறையாக்கிவிட்டது என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

"ஆமாடா," என்றேன். "கோபம்தான்."

அவன் தலையாட்டினான். "இப்பத் தணிஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

"தணிஞ்சிருச்சு."

பிடிபட்ட நாளிலிருந்து முதல் தடவையாக அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். நேரம் முடிந்துவிட்டதென்று காவலர் கூப்பிட்டார். நான் மன்னித்துவிட்ட சந்தோஷத்தில் என் தம்பி எழுந்து உள்ளே போனான்.