கேப்டனின் காற்றுக்குழாய்

கேப்டன் என்று பெயரே தவிர, பாட்டு டீச்சரின் தங்கை கணவன் கப்பலில் கால் வைத்தவனல்ல. படகைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டும். துறைமுக அலுவலகத்தில் ஊழியர்களின் விடுப்பு விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துகிற வேலை. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் போர்க்கப்பல்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து, கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிறுத்துவான். அவற்றின் பீரங்கிகளைப் பற்றி, தானே சுட்டவன் மாதிரி வாய் கிழியப் பேசுவான். அந்தப் பெயரை வைத்தவள் டீச்சர்தான். கிண்டலுக்கு வைத்தாள். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான். அன்றைக்கே அவனுடைய ஆழம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா விட்டுப்போன அடுக்குமாடி வீடு சகோதரிகள் இருவருக்கும் பொது. பெரிய அறையில் டீச்சர் இருந்தாள். அங்கேயேதான் பாட்டு வகுப்பும். சின்ன அறை தங்கைக்கும் கேப்டனுக்கும். பின்பக்கம் கண்ணாடி போட்டு மூடிய பால்கனியைக் கேப்டன் கப்பல் பட்டறையாக்கிக்கொண்டான். துணி உலர்த்தும் இடம் போனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவன் கேட்க விடவுமில்லை.

பெயிண்டைப் பீய்ச்சி அடிப்பதற்கென்று ஒரு கூண்டு செய்தான். பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் முன்பக்கத்தை வெட்டி, பின்பக்கத்தில் சமையலறைக்கு மாட்டுகிற எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தி, அதன் வாயில் தொடைத் தடிமனான ஒரு வெள்ளிநிறக் குழாயைச் செருகி, மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே விட்டான். திறப்பு விழாவுக்கு வீட்டாரைக் கூப்பிட்டான். ஃபேனைப் போட்டு, ஒரு டிஷ்யூ தாளைக் கூண்டின் முன் பிடித்தான். தாள் உள்ளே இழுபட்டது.

"பாத்தீங்களா அக்கா? ஒரு துளி வீட்டுக்குள்ள நிக்காது. காத்தோட்டம்னா இதுதான் காத்தோட்டம்."

தங்கை கைதட்டினாள். டீச்சர் கொட்டாவி விட்டாள்.

வீட்டுக்குள் நிற்காத பெயிண்ட் கீழ்வீட்டு வக்கீலின் ஜன்னலில் போய் நின்றது. வக்கீல் மேலே வந்து, குரலை உயர்த்தாமல், "இன்னொரு தடவை இந்த வாடை என் வீட்டுக்குள்ள வந்தா கோர்ட்ல பேசிக்கலாம்" என்றார். வாசலில் நின்ற கேப்டன் பெட்டிப்பாம்பாக அடங்கிப்போனான். அவர் படியிறங்கும்வரை "சரிங்க சார், சரிங்க சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் ஜன்னலிலிருந்து குழாய் காணாமல் போனது.

"இப்ப ஃபில்ட்டர் போட்டுட்டேன்" என்றான். "சுத்தமான காத்துதான் வெளிய வரும்."

வெளியே என்றால் எங்கே என்று டீச்சர் கேட்கவில்லை. அவனிடம் ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பதில் வரும், ஒன்றும் உதவாது.

கொஞ்ச காலத்தில் அவளுக்குத் தொண்டை கட்டியது. சுடுதண்ணீர், கஷாயம், பேசாமல் இருப்பது எல்லாம் செய்து பார்த்தாள். மேல் ஸ்தாயியில் குரல் ஏற மறுத்தது. பிறகு நடுவிலும் கரகரத்தது. காலையில் எழுந்தால் தலை கனத்தது. தொண்டை டாக்டர் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்து, உள்ளே நன்றாகச் சிவந்திருக்கிறது என்றார்.

"வீட்ல புகை, பெயிண்ட், அந்த மாதிரி ஏதாவது உண்டா?"

"பெயிண்ட் உண்டு. ஆனா எல்லாம் ஃபேன் வழியா வெளிய போயிடுது டாக்டர்" என்றாள் அவள். ஒரு மடையனின் பேச்சைத் தன் வாயால் திருப்பிச் சொன்னதை நினைத்துப் பின்னால் அவள் பல்லைக் கடித்தாள்.

பாட்டு வகுப்பை நிறுத்தினாள். சாப்பாட்டு மேசையில் கேப்டன் அனுதாபப்பட்டான்.

"வயசாகுதில்ல அக்கா. தொண்டைக்கும் ரிட்டயர்மெண்ட் உண்டு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

சும்மா கிடந்த கீபோர்டை ஒருநாள் ஈரத்துணியால் துடைத்தாள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டியது. தூசி என்றால் துடைத்ததும் போகும். இது மாவுபோல நுண்ணியதாக, விரலில் தேய்த்தால் மினுங்கியது. போர்க்கப்பல்களுக்கு அடிக்கிற சாம்பல் பெயிண்ட். நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்கு மேலே பரண். அதன் மரக்கதவில் காற்றுப்போக அப்பா வெட்டிவைத்த இடைவெளிகள். அவற்றின் ஓரங்கள் கறுத்திருந்தன.

ஏணி போட்டு ஏறிக் கதவைத் திறந்தாள். பால்கனிச் சுவரைத் துளைத்து, நடைவழிக்கு மேலே ஓடும் பரணுக்குள்ளேயே வந்த வெள்ளிநிறக் குழாய், வாயைப் பிளந்துகொண்டு அங்கே கிடந்தது. பழைய பெட்டிகள், அம்மாவின் தையல் மிஷின், மடித்துவைத்த திரைச்சீலைகள் எல்லாம் ஒரே சாம்பல். ஃபில்ட்டர் என்று அவன் சொன்னது குழாயின் வாயில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பழைய பனியன். அதுவும் பாதி கழன்று தொங்கியது.

வக்கீலின் மூக்குக்குப் பயந்தவன் இவளுடைய நெஞ்சைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். கோழைக்கும் ஒரு கணக்கு உண்டுதான்.

இறங்கியபோது தங்கை வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"தற்காலிகமாத்தான்னு சொன்னார்க்கா."

"நான் டாக்டர்கிட்ட போனப்பவும் தெரியுமா?"

தங்கை முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். சின்ன வயதில் திருட்டுத்தனம் பிடிபட்டாலும் அப்படித்தான் சுற்றுவாள். அப்போது டீச்சருக்குச் சிரிப்பு வரும்.

கேப்டன்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். தங்கையைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

அன்று சாப்பிடும்போது, "மாப்பிள்ளை, வகுப்பும் இல்ல, எனக்கெதுக்குப் பெரிய ரூம்? நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்குங்க" என்றாள்.

தங்கை சட்டென்று நிமிர்ந்தாள். டீச்சர் அவளையே பார்த்தாள். பரணில் கிடக்கும் குழாயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தங்கை வாயைத் திறப்பதற்குள் கேப்டன், "அலமாரிக்கு அதான் சரியான இடம்!" என்று குதித்தான். அவள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

இடம் மாறினார்கள். சில நாளிலேயே தங்கை இருமத் தொடங்கினாள். கணவனிடம் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டு இருமினாள். அவனும் கேட்கவில்லை.

அந்தச் சமயம் அவன் ஒரு பயணிகள் கப்பலை முடித்திருந்தான். மாதக்கணக்கான வேலை. பால்போல வெள்ளை, மேலே பளபளக்க வார்னிஷ் அடித்து, தூசி படாமல் உலரட்டும் என்று பெரிய அறையில் வைத்துக் கதவைச் சாத்தினான். தன் ஃபில்ட்டரில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. பிறகு பால்கனிக்குப் போய், ஃபேனைப் போட்டுக்கொண்டு, ஒரு போர்க்கப்பலுக்குச் சாம்பல் அடித்தான்.

உலராத வார்னிஷில் சாம்பல் ஒட்டி, வெள்ளைக் கப்பலுக்கு அம்மை போட்டமாதிரி ஆகிவிட்டது. அவன் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு வக்கீலே ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

டீச்சரின் குரல் போனபோது நகராத ஆள், அன்று அலுவலகத்துக்கு லீவு போட்டான். பரணில் ஏறிக் குழாயைப் பிடுங்கினான். மொட்டைமாடிவரை ஏறுகிற நீளமான குழாயும், காகித மடிப்பு வைத்த நிஜ ஃபில்ட்டரும் மதியத்துக்குள் வந்து இறங்கின. பால்கனியில் ஏணியைச் சாய்த்து ஏறி, பழைய துணிக்கம்பியைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். தங்கை அடியில் நின்று பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நான் எத்தனை நாளா இருமறேன்."

"அதுக்கென்ன இப்ப? ஏணியை நேராப் பிடி."

அவள் இன்னொருமுறை இருமினாள். பிறகு கையை எடுத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

"ஏய், ஆடுதுடி! எங்க போற?"

கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் அலறுவது சின்ன அறைவரை கேட்டது. தங்கை அங்கே அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லியிருக்கணும்க்கா."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

டீச்சர் அவளைத் தேற்றவில்லை. தலையணையை மட்டும் நகர்த்தி இடம் விட்டாள். வெளியே அவன் இருவர் பெயரையும் சொல்லிக் கத்தினான், இருவரும் எழவில்லை. கடைசியில் தானே நடுங்கி நடுங்கி இறங்கினான்.

தங்கை அதன்பின் பெரிய அறைக்குத் திரும்பவில்லை. அவனுக்குச் சமைத்துப் போட்டாள், பேச்சைக் குறைத்துக்கொண்டாள். டீச்சரின் குரல் மெல்ல மெல்லத் தெளிந்தது. மேல் ஸ்தாயி மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. வகுப்பு கூடத்துக்கு மாறியது. அங்கே பிள்ளைகள் ஸ்வரம் பாடிக்கொண்டிருக்கும்போது, கப்பல் பொம்மை செய்கிற கிளப்பிலிருந்து வந்த நண்பர்களைக் ஒருநாள் கேப்டன் பால்கனிக்கு அழைத்துப்போனான்.

"வீட்ல இருக்கறவங்க நெஞ்சு முக்கியம் பாருங்க. அதான் மாடிவரைக்கும் குழாய் விட்டிருக்கேன்."

டீச்சர் எழுந்துபோய், அவன் முகத்துக்கு நேரே பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "இன்னொருதரம் பாடுங்க" என்றாள்.