ஹாரனுக்குப் போட்ட டூட்டி

ஹாரனுக்கும் எனக்கும் பதினோரு வருடமாக ஆகாது. அவர் பேருந்து ஓட்டுகிறவர். நான் பணிமனையில் யாருக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று டூட்டி போடுகிறவள். என் ஜன்னலுக்கு முன்னால் நின்று அவர் கத்தினால் கடைசி வரிசை வண்டிக்குக் கீழே படுத்து வேலை பார்க்கிறவனுக்கும் கேட்கும். ஹாரன் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்த மனுஷனுக்கு ஈரலில் புற்றுநோய், இனி செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனை கைவிரித்தபோது பணிமனையில் முதலில் அழுதவள் நான். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

சாவதென்றால் வீட்டில்தான் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். அவர் மனைவியும் அதே பிடிவாதம். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மருத்துவமனை ஒரு நிபந்தனையோடு அனுப்பி வைத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் நர்ஸ் வந்து பார்ப்பார். முதுகில் படுக்கைப் புண் உடைந்திருந்தால் திரும்ப வார்டுக்குத்தான்.

அக்கா பத்து நாள் தனியாகவே சமாளித்தாள். வயிற்றில் நீர் கோத்து அவர் எண்பத்தைந்து கிலோ இருந்தார். அவளோ அதில் பாதி. வந்து பார்த்த நர்ஸ், இடுப்புக்கு மேலே உள்ளங்கை அளவு சிவந்திருப்பதைத் தொட்டுக் காட்டினார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை இது உடைஞ்சிருந்தா நான் எழுதித்தான் ஆகணும்மா. கோவிச்சுக்காதீங்க."

அப்போது அங்கே இருந்தவன் ஹாரனுடைய கண்டக்டர். ரைட்டு என்று கூப்பிடுவோம். வீட்டில் மனைவியிடமும் 'ரைட்டு' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவன். அங்கிருந்து நேரே என் ஜன்னலுக்கு வந்தான்.

"ஆள் நான் சேர்த்துடுவேன். டூட்டி நீங்க போடணும்."

ஒரே மாலையில் போட்டு முடித்தேன். ஆறு மணி நேர ஷிப்ட், ஷிப்டுக்கு இரண்டு பேர், மொத்தம் பதினெட்டுப் பெயர். டிரைவர்கள், கண்டக்டர்கள், டயர் மெக்கானிக், கேன்டீன் நடத்துகிறவள், கூடவே நானும். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மணிக்கணக்கு மீறி ஓட்டியவரை ஸ்டியரிங் பக்கமே விடக்கூடாது. ஓய்வுக்கு அனுப்ப வேண்டும். அக்கா இருநூற்று நாற்பது மணி நேரம் இறங்காமல் ஓட்டியிருக்கிறாள். அதனால் அவள் பெயருக்கு நேரே ஏழு நாளும் 'ஓய்வு' என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

வேலை பிரமாதமாக நடந்தது. கீழே விரித்த போர்வையை இரண்டு பக்கமும் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்தால் ஹாரன் அலுங்காமல் திரும்பினார். மூன்றாம் நாள் சிவப்பு லேசாக மங்கியது. நான் யாரையும் ஒருமுறைக்கு இருமுறை போனில் விரட்ட வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் என் முறைக்குப் போனேன். முறை இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். அக்கா சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் அடுப்பில் கேன்டீன்காரி. அக்காவின் துணிகளை ஒரு டிரைவர் அலசிக்கொண்டிருந்தார். படுக்கையறையில் டயர் மெக்கானிக், ஹாரன் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அக்கா ஸ்பூனுக்காகக் கை நீட்டினாள்.

"நீங்க போய்ப் படுங்கக்கா. நாங்க இருக்கோம்ல," என்றான் அவன், பாசமாகத்தான்.

நானும் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன். "உங்களுக்கு ஓய்வுன்னுதானே போட்டிருக்கேன்."

அக்கா சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் கிழித்து எடுத்தாள்.

"இருபத்தாறு வருஷம் அவர் பக்கத்துல படுத்தவ நான். இப்ப சாகப்போற நேரத்துல எனக்கு ஓய்வு போட நீ யாருடி?"

"உங்க முதுகு ஒடியுதேன்னுதான்…"

"என் முதுகுதானே? ஒடிஞ்சா ஒடிஞ்சுட்டுப் போகுது. ஆறு நாளா அவர் கையைப் பிடிக்க வரிசையில நிக்கறேன் நான். எல்லாரும் வெளிய போங்க!"

போனோம். ரைட்டும் அப்போது வந்து சேர்ந்தான். ஐந்து பேரும் மாடிப்படியில் முகத்தில் ஈயாடாமல் நின்றோம். நல்லது செய்யப்போய் இந்தப் பேச்சா என்று முதலில் எனக்குக் கோபம்தான் பொங்கியது. பிறகு உள்ளே போர்வை இழுபடும் சத்தம் கேட்டது. புரட்டும் நேரம். ஹாரன் முனகினார். மறுபடி இழுக்கும் சத்தம். அவளால் முடியவில்லை. ரைட்டு கதவைத் தள்ளப் போனான். அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே பாய்ந்தால் மறுபடி அவளிடமிருந்து பிடுங்கியதாகும். பாயாவிட்டால் நாளைக்கு நர்ஸ் எழுதிவிடுவார், அவர் வார்டில் போய்ச் சாவார். பதினோரு வருடமாக மற்றவர்கள் என் ஜன்னலுக்கு வந்து கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். நான் போய் யாரிடமும் கேட்டதில்லை. கதவைத் தட்டினேன்.

"அக்கா, தப்பு என்னோடது. டூட்டியை நீங்க போடுங்க. நான் எழுதிக்கறேன். எழுத மட்டும் செய்யறேன்."

கதவு திறக்க நேரமாயிற்று. முதலில் எல்லோருமாக அவரைப் புரட்டினோம். தலையை அக்கா பிடித்துக்கொண்டாள். பிறகு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முகம் துடைப்பது, ஊட்டுவது, உடம்பு துடைப்பது அவள் டூட்டி. புரட்ட இரண்டு பேர் வரலாம், முடிந்ததும் அறைக்கு வெளியே போய்விட வேண்டும். மாலை நான்கிலிருந்து ஆறு வரை வீட்டுக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது.

"தூங்கறது ரைட்டு இருக்கும்போது மட்டும். அவன் ஒருத்தன்தான் என்னைப் போய்ப் படுங்கன்னு சொல்லல."

கட்டிலிலிருந்து காற்றாகக் குரல் வந்தது. "பதினோரு வருஷத்துல இவகிட்ட நான் கேட்ட டூட்டி ஒருநாளும் கெடைச்சதில்ல. உனக்கு மட்டும் எப்படிடி?"

மறுநாள் நர்ஸ் முதுகை வெகுநேரம் பார்த்தார். தோல் உடையவில்லை.

"எத்தனை பேர் பாத்துக்கறீங்க?"

"பதினெட்டு," என்றான் ரைட்டு.

"பத்தொன்பது," என்றேன் நான்.

இன்னும் ஒன்பது நாள் இருந்தார். கடைசி நாள் மாலை ஆறு மணிக்குப் புரட்ட நானும் டயர் மெக்கானிக்கும் போனோம். கதவு திறக்கவில்லை. ஆறு பத்துக்கு அவன் தட்டக் கையை ஓங்கினான், வேண்டாம் என்றேன். என்ன நடந்திருக்கும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. படியில் உட்கார்ந்துகொண்டோம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். ஆறரைக்கு அக்காவே திறந்தாள். அவருக்கு முகம் துடைத்து, தலை வாரி, சட்டை மாற்றியிருந்தாள்.

"அஞ்சு மணிக்கே போயிட்டார். நான் மட்டும்தான் இருந்தேன்," என்றாள். அழுது சிவந்த கண்ணோடு நிமிர்ந்து நின்றாள். "இப்ப உள்ள வாங்க."

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, வெற்றுத்தாளோடு போனேன். ஒரு பெயரும் எழுதியிருக்கவில்லை.

"துணைக்கு யார் யார் எப்ப வரட்டும்க்கா? நீங்களே சொல்லுங்க."

"வர்றவங்க எல்லாரும் தங்கமான மனுஷன், தங்கமான மனுஷன்னு சொல்றாங்க. காது புளிச்சுப்போச்சு. அப்படி ஒரு ஆளோட நான் வாழவே இல்ல." தாளை என் பக்கமே தள்ளினாள். "நாலு மணிதான் தாங்க முடியல. தினம் நாலு மணிக்கு நீ வா. வந்து அவரைத் திட்டு."

அப்போதே மணி நான்கு ஆகியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

"ஒரு தடவை, பாதி வழியில வண்டியை ஓரங்கட்டிட்டு என்கிட்ட போன்ல சண்டை போட்டார்க்கா. இருபது நிமிஷம்! கடைசியில ஒரு பயணி போனைப் பிடுங்கி, 'அம்மா, இந்தாளு கேக்கறதைக் குடுத்துத் தொலைங்க, எனக்கு ஆபீசுக்கு லேட்டாகுது'ன்னு கெஞ்சினார். அப்பவும் நான் குடுக்கல."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் உடைந்து அழுதாள். அழாதீங்க என்று நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அடுத்த சண்டையை ஆரம்பித்தேன்.