செம்புத் தகட்டில் நான்காம் வரிசை

செம்புத் தகட்டை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால் உள்ளே இருக்கும் படிகங்கள் நீளமாகப் படுத்துத் தூங்கிவிடும். அதே தகட்டை உலையில் வைத்துச் சூடாக்கினால் ஒவ்வொன்றாக எழுந்து, வரிசையாக உட்கார்ந்து, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். அப்போது எக்ஸ்ரே இயந்திரத்தில் அவற்றைக் குழுவாகப் படம் எடுக்க வேண்டும். அந்த ஒரு படத்துக்காகத்தான் கோகிலவாணி கோவையில் நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

ஆறு தகடுகள் அவள் காலை வாரிவிட்டன. ஒன்றில் பாதிப் படிகங்கள் ஜன்னலைப் பார்த்தன, பாதி கதவைப் பார்த்தன. இன்னொன்றில் முன்வரிசைக்குச் சண்டை. ஏழாவது தகடு வெள்ளிக்கிழமை மதியம் உலையிலிருந்து வந்தது. மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதுகை நிமிர்த்தி, வாயை மூடி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. அவள் துள்ளிய துள்ளலில் மேஜைமேல் இருந்த அமிலப் புட்டி தளும்பியது.

"சார், உட்கார்ந்துட்டாங்க!"

வழிகாட்டிப் பேராசிரியர் மருதாசலம் ஓடி வந்தார். எக்ஸ்ரே இயந்திரம் நாலு மணிக்கு லாரி ஏறி வேறு கல்லூரிக்குப் போகிறது. இப்போது மணி மூன்று. படம் கிடைத்தால் முனைவர் பட்டம், இல்லையென்றால் நான்கு வருடமும் பாழ்.

"உருட்டின திசை எதும்மா?" என்றார்.

கோகிலவாணி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தகட்டை வெட்டும் முன் ஓரத்தில் ஓர் அம்புக்குறி கீற வேண்டும். சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது. அவசரத்தில் மறந்திருந்தாள். போதாக்குறைக்குச் சதுரமாக வேறு வெட்டியிருந்தாள். எழுந்து உட்கார்ந்த படிகங்கள் நான்கு பக்கமும் ஒன்று போலவே இருக்கும், அவற்றைப் பார்த்து உருட்டின திசையைச் சொல்ல முடியாது. திசை போடாத படத்தை எந்தப் பல்கலைக்கழகமும் வாங்காது.

அவள் மறுபடி குனிந்து படிகங்களிடமே கேட்டாள்.

"தூங்குனவங்களுக்குத் தலை எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எப்படிங்க தெரியும்?" என்றது முன்வரிசைப் படிகம். "நாலாவது வரிசைல ஒருத்தர் இன்னும் எந்திரிக்கவே இல்லைங்க. அவரைக் கேளுங்க."

உண்மைதான். சந்தோஷத்தில் அவள் கவனிக்கவில்லை. நான்காம் வரிசையின் நடுவே ஒரு படிகம், உருளை நசுக்கிய வாக்கிலேயே காலை நீட்டிப் படுத்திருந்தது. அதை எழுப்பினாள்.

"நான் படுத்திருக்கற வாக்கைப் பாத்தாலே தெரியாதுங்களா? கால் அந்தப் பக்கம், தலை இந்தப் பக்கம். இப்படித்தான் உருட்டுனாங்க" என்று கொட்டாவி விட்டது.

அம்புக்குறியைக் கீறினாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

படிகம் சோம்பல் முறித்தது. "எழுப்பிட்டீங்க. ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றனுங்க" என்று தகட்டைவிட்டு இறங்கி வாசல் பக்கம் போய்விட்டது. மணி மூன்றே முக்கால்.

எக்ஸ்ரே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் நாச்சிமுத்து கையை விரித்தார். "நடுவுல ஓட்டையோட எடுக்க முடியாதுங்க சார். படம் அது வழியா ஒழுகிரும். டீக்கடைல இப்ப போண்டா போடற நேரம். அவரு சீக்கிரம் வரமாட்டாருங்க."

கோகிலவாணி யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றினாள், கைப்பேசியைப் பேராசிரியரிடம் கொடுத்தாள், தகட்டில் ஏறினாள். பக்கத்துப் படிகங்கள் நகர்ந்து இடம் விட்டன. உள்ளே இன்னும் உலைச் சூடு இருந்தது. நான்கு வருடமாக மேலிருந்தே பார்த்தவர்களோடு தோளோடு தோளாக உட்கார்ந்ததில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர்கள் பார்த்த பக்கமே அவளும் பார்த்தாள்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குப் படம் விழுந்தது. நடுவில் ஒரு புள்ளி, நாலு பக்கமும் நாலு புள்ளி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் விழும் கோலம், அத்தனையும் கச்சிதம். "வாழ்த்துகள், டாக்டர் கோகிலவாணி!" என்று மருதாசலம் தகட்டைப் பார்த்துக் கத்தினார். லாரிக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள்.

அவள் கைப்பேசி அடித்தது, அம்மாதான். அவர் அதைத் தகட்டருகே பிடித்தார்.

"படம் வந்துருச்சும்மா! நான் டாக்டர்ம்மா!"

அம்மா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். "எப்பக் கண்ணு வீட்டுக்கு வருவே?"

"தகட்டை ஆலைக்கு அனுப்பி மறுபடி உருட்டறாங்கம்மா. மூணு தடவை. முடிஞ்சதும் வந்தர்றேன்."

"அப்ப நல்லா மெல்லிசாத்தான் வருவே" என்றாள் அம்மா. "அப்பா அசந்து தூங்குவாரு. கதவைத் தட்டாத சாமி, அடியில நுழைஞ்சு வந்துரு."