பாயை விலக்காத வீடு

தீவு நாட்டின் தலைநகரான ஆப்பியாவின் நீதிமன்றத்தில் யோசேபாவுக்குத் தூக்கு என்று வாசித்த மூன்றாம் நாள் விடியலில், அவனுடைய தாய் பெலே, சுலியேதியின் முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையோடு ஒரு பாயைப் போர்த்திக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

சுலியேதியின் கணவன் தாவிதாவைச் சேம்புத் தோட்டத்து எல்லைத் தகராறில் வெட்டிக் கொன்றவன் யோசேபா. அந்தத் தீவு வழக்கப்படி, கொன்றவன் வீட்டார் மன்னிப்புக் கேட்டுச் செத்தவன் வாசலில் இப்படிப் பாய் போர்த்தி வந்து உட்காருவார்கள். செத்தவன் குடும்பத்துத் தலைவர் எழுந்து வந்து பாயை விலக்கினால் பகை தீர்ந்தது. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. கொலைக்கு மறுநாளே யோசேபாவின் குடும்பம் மொத்தமும் வந்து உட்கார்ந்திருந்தது. தாவிதாவின் அண்ணன் விலியாமுதான் தலைவர். அவர் எழவில்லை. உச்சி வெயில் வரை இருந்துவிட்டு அவர்கள் தலைகுனிந்து போனார்கள்.

இப்போது பெலேயோடு அவள் குடும்பத்துத் தலைவரும் இல்லை, உறவும் இல்லை. பட்டுப்போல நெய்த சடங்குப் பாய்கூட இல்லை. தினமும் படுத்துத் தேய்ந்த முரட்டுப் பாய் அது. பாதையில் போனவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள்.

"இதுக்குப் பேரு மன்னிப்பு கேக்கறதா? கெழவி தூங்க எடம் தேடி வந்திருக்கா," என்றார் விலியாமு.

அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தோடு தூக்குமரம் ஒழிந்தது. நாடு விடுதலையாகி முப்பது வருடமாக நீதிபதி தூக்கு என்று வாசிப்பார், மேலே இருப்பவர்கள் அதை ஆயுள் சிறையாக மாற்றுவார்கள். இந்த ஒருவனுக்காவது மாற்றக் கூடாது என்று ஊர் எழுதிய கடிதம் அது. விதவையின் கையெழுத்து முதலில் விழ வேண்டும். மதியப் படகில் அது ஆப்பியாவுக்குப் போக வேண்டும்.

போடத்தான் நினைத்திருந்தாள் சுலியேதி. பேனாவைக் கையில் எடுத்தபோது மழை பிடித்துக்கொண்டது. முற்றம் சேறாயிற்று. பாய் கனத்து, அதன் அடியில் இருந்த சின்ன உருவம் மெல்லச் சாய்ந்தது. கடவுள் மழையை ஆள் பார்த்துப் பெய்விப்பதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பேனாவை வைத்துவிட்டு, அடுப்பிலிருந்த கொக்கோவை ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு இறங்கினாள்.

பாயைத் தூக்க அவளுக்கு உரிமை இல்லை. குனிந்து, ஓரத்தின் வழியாகக் கோப்பையை நீட்டினாள். உள்ளிருந்து வந்த கை நடுங்கிப் பாதியைச் சிந்திவிட்டது. கோப்பையைப் பிடித்துக்கொள்ள அவளும் உள்ளே நுழைய வேண்டியதாயிற்று.

இருட்டும் தேங்காய் எண்ணெய் வாசனையும். பெலே மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீ எதுக்கும்மா நனையறே? உள்ள போ," என்றாள்.

சுலியேதி போகவில்லை. தாவிதா செத்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அந்த முரட்டுப் பாய்க்கு அடியில்தான் வந்தது. பெலே அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

விலியாமு கூப்பிட்டார். பிறகு அதட்டினார்.

"பாயை எடுக்க எனக்கு உரிமை இல்லையே அத்தான். நீங்கதான் எடுக்கணும்," என்றாள் அவள் உள்ளிருந்தே.

பாதையில் நின்றவர்களின் சிரிப்பு அடங்கியது. தன் வீட்டுப் பெண்ணைப் பாய்க்கு அடியில் விட்டுவைத்தால், அவருடைய வீடே அவருடைய வாசலில் மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்திருப்பதாகத்தான் அர்த்தம். விலியாமு கையிலிருந்த கடிதத்தைக் கீழே வைத்தார். பிறகு மழையில் இறங்கி வந்து பாயைப் பிடித்து விலக்கினார்.

"ஒன்ன வெளிய கூப்பிடத்தான் எடுத்தேன்," என்றார். ஆனால் பெலேயின் கையைப் பிடித்து அவரேதான் எழுப்பிவிட்டார்.

மதியப் படகு கடிதத்தை ஏற்றாமலே கிளம்பியது. அதனால் தாவிதா திரும்பி வந்துவிடவில்லை. யோசேபா தூக்கிலிருந்து தப்பினாலும் சிறையில்தான் கிழவனாவான். அன்று மாலை ஜெபத்தில் சுலியேதி கணவன் பெயரைச் சொன்னாள். அவனைக் கொன்றவன் பெயரைச் சொல்ல வெகுநேரம் ஆனது. ஆனாலும் சொன்னாள்.