சம்பளம் வந்த வழி

பெங்களூர் சிவாஜிநகர் துணிக்கடையில், கணவனின் அண்ணன் மகள் லீனாவுடைய நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஐரினுக்கு விஷயம் தெரிந்தது. பக்கத்தில் நின்று பார்டரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள் சுப்ரியா. அவள் கணவனும் ஐரினின் கணவன் ஹெர்பர்ட்டும் ஒரே கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர்கள். சுப்ரியா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு வேற எடத்துல கெடச்சிடுச்சாக்கா? எங்களவரு இன்னும் வீட்லதான் கீறாரு. ஸ்டோர்ஸ மூடுனாலும் மூடுனாங்க, எல்லாரும் ரோட்டுக்கு வந்துட்டோம்."

"ம், பாத்துட்டு இருக்காரு" என்றாள் ஐரின். வெளியே வந்த பிறகுதான், எத்தனை லேசாக அந்தப் பொய் வாயில் வந்தது என்று அவளுக்கு உறைத்தது. தினமும் வேலைக்குப் போவதாக ஹெர்பர்ட் சொன்ன பொய்யைவிட, யோசிக்காமல் தானும் அதற்கு முட்டுக்கொடுத்ததுதான் எரிந்தது. அன்று காலைகூட எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். மாதம் பிறந்தால் சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் வைக்கிறானே, அது எங்கிருந்து வந்தது?

நேராக பேங்குக்குப் போனாள். கோலார் தங்கவயலில் அம்மாவின் வீட்டை விற்றபோது அண்ணன்மார் பிரித்துக் கொடுத்த பங்கு, இரண்டு பேர் பெயரிலும் போட்ட கணக்கில் இருந்தது. லீஸுக்கு வீடு பிடிக்க வைத்திருந்த பணம் அது. மொத்தமாகக் கொடுத்து வைத்துவிட்டால் மாத வாடகை இல்லாமல் மூச்சு விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் சொன்ன தொகை பாதிக்கும் கீழே இருந்தது.

சாயங்காலம் ஹெர்பர்ட் வழக்கம்போல டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு படியேறி வந்தான். அவன் ஷூவைக் கழற்றும்வரை ஐரின் காத்திருந்தாள்.

"வேலை எப்ப போச்சு?"

அவன் குனிந்தபடியே இருந்தான். "மழைக்கு முன்னாடி."

"என் காசையே எனக்குச் சம்பளமா குடுத்திருக்க. நானும் ஜெபம் பண்ணி வாங்கி வெச்சிருக்கேன்."

பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியதையும், மத்தியானத்தில் ஏதாவது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டதையும் சொன்னான். கிடைத்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தானாம். கடைசியாக, "பீட்டர் அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம் ஐரின். ஞாயித்துக்கெழம நிச்சயம் முடியற வரைக்கும் பொறுத்துக்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வரை அவள் பொறுத்துத்தான் இருந்தாள். மோதிரம் மாற்றி, பாஸ்டர் ஜெபம் முடித்ததும், பீட்டர் தம்பியின் தோளில் கைபோட்டு நிறுத்தினார். "கல்யாண மண்டபச் செலவு மொத்தமும் என் தம்பியோடது. அவனே வாய் விட்டுச் சொன்னான்." எல்லாரும் கைதட்டினார்கள். ஹெர்பர்ட் சிரித்தான். காலரைச் சரிசெய்துகொண்டு, நிஜமாகவே சந்தோஷமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஐரினுக்குப் பொறுமை அறுந்தது. கையிலிருந்த பூத்தட்டைக் கீழே வைத்தாள்.

"அது முடியாது மாமா."

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது.

"அவருக்கு வேலை போயி மாசக்கணக்காச்சு. மிச்சம் இருக்கறது எங்கம்மா வீட்டு காசு. அத மண்டபத்துக்குத் தர மாட்டேன்."

பீட்டருக்கு முகம் கறுத்தது. "இன்னாம்மா இது, சம்பந்திங்க முன்னாடி குடும்ப மானத்த வாங்கற?"

"வேலை போனதுல என்னா மாமா மானம் போச்சு? இல்லாத காசுக்குக் கைதட்டு வாங்குறதுதான் கேவலம்."

ஹெர்பர்ட் யாரையும் பார்க்காமல் வெளியே போனான். ஐரின் போகவில்லை. பந்தியில் உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பிரியாணியை விடாமல் சாப்பிட்டாள். லீனா புதுப்புடவை சரசரக்க வந்து, இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனாள். அதையும் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹெர்பர்ட் சொன்னான்: "எல்லார் முன்னாடியும் என்ன அம்மணமாக்கிட்ட."

"நீ என்னக் குருடாக்கி வெச்சிருந்த. எது பெருசு?"

மறுநாள் மிச்சப் பணத்தைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றினாள். மாற்றியதை அவனிடம் மறைக்காமல் சொன்னாள். அதன் பிறகு அந்த வீட்டில் குக்கர் விசில் மட்டும்தான் சத்தமாகக் கேட்டது. அவள் முன்னறையில் பாய் விரித்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை அவர்கள் குடியிருந்த நீலசந்திரா சந்துக்குள் தண்ணீர் லாரி வந்தது. ஐரின் எட்டிப் பார்த்தபோது ஹெர்பர்ட் கீழே நின்றிருந்தான். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பெண்கள் வரிசையின் நடுவே, இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு. எதிர்வீட்டு நாகேஷ் பைக்கை உதைத்துக்கொண்டே, இன்றைக்கு வேலைக்குப் போகவில்லையா என்று கன்னடத்தில் கேட்டார்: "ஏனு ஹெர்பர்ட்டு, இவத்து ட்யூட்டி இல்வா?"

பதில் சொல்ல அவளுக்கு வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு, மாடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கெல்சா ஹோய்து நாகேஷ்" என்றான் ஹெர்பர்ட். சந்து முழுக்கத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, தமிழிலும் சொன்னான், இன்னும் சத்தமாக. "வேலை போச்சு! ஸ்டோர்ஸ் வேலை எங்கனா இருந்தா சொல்லுங்க!"

சொல்லிவிட்டுக் குழாயைப் பிடித்துக் குடத்துக்குள் விட்டான். தண்ணீர் பொங்கி லுங்கியெல்லாம் நனைந்தது. அவன் நகரவில்லை.

ஐரின் சமையற்கட்டிலிருந்து இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவனைத் தாண்டித்தான் போனாள். குடத்தை அவன் கையில் கொடுக்கவில்லை. வரிசையின் கடைசியில் போய், இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றுகொண்டாள்.