ரெண்டு நாள் தாங்கும்

பாக்கெட் சாமான்களை நிறுத்திய ஐந்தாம் நாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது 211 என் வாய் வழியாக வெளியே வந்து, முகம் கழுவிக்கொண்டு, கூடத்துச் சோபாவில் போய் உட்கார்ந்தார். அரைக்கை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடியில் ஒரு ரெக்சின் பை.

எனக்கு அவரைத் தெரியும். லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறேன். ஜாம், சாஸ், ஊறுகாய், எதுவானாலும் கடைசி வரியில் 'பதப்படுத்தும் பொருள் (211)' என்று இருக்கும். பத்தொன்பது வருடங்களாக அந்த அடைப்புக்குறிகளைச் சரிபார்த்து வருகிறேன்.

மற்றவர்கள் முன்பே போய்விட்டிருந்தார்கள். மஞ்சள் நிறம் தரும் 102 இரண்டாம் நாளே குளியலறை ஜன்னல் வழியாகப் போனது. ருசி கூட்டும் 621 மூன்றாம் நாள் தெருமுனை ஃப்ரைடு ரைஸ் கடையைப் பார்த்து ஓடியது. இரண்டும் சொல்லிக்கொள்ளவில்லை. 211 அப்படிப்பட்டவர் அல்ல.

என் மனைவி ஜெயக்கொடி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"காப்பி சாப்பிடுறீங்களா?"

"பால் என்ன, பாக்கெட் பாலா?"

"பக்கத்து வீட்ல கறக்கிறாங்க. கறந்த சூட்டோட வாங்கியாந்தது."

"அப்ப வேண்டாம். எனக்கு ஒத்துக்காது."

அவள் முழங்கையில் தடிப்புத் தடிப்பாக வந்ததிலிருந்து வீட்டில் இந்த ஏற்பாடு. லேபிள் உள்ள எதையும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்டுக்கீரை, கொத்தவரங்காய், கம்பு, நாட்டுத் தக்காளி என்று அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குத் தீர்த்தோம். தடிப்பு அமுங்கிக்கொண்டு வந்தது. எனக்குத்தான் கொஞ்சம் சிரமம். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். திருத்துவதற்கு அதில் ஒரு வரியும் இருக்காது.

"உங்களுக்குள்ள வச்சிருந்ததை ஒப்படைச்சிட்டுப் போகணும் சார்," என்றார் 211.

பையைத் திறந்து இரண்டு பொருள்களை மேசைமேல் வைத்தார். முதலாவது கைப்பிடி அளவில் கறுப்பாக, கெட்டியாக இருந்தது. ஜெயக்கொடியின் அண்ணன் அழகுராஜாமேல் எனக்குள்ள கோபம். பதினோரு வருடங்களுக்கு முன்பு, அவர் புதுவீட்டுப் பால்காய்ப்பின்போது, வாசலில் நின்றவர் எனக்குப் பின்னால் வந்த ஆளைப் பார்த்து "வாங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதன்பிறகு நான் அந்தப் படி ஏறவில்லை.

"அன்னைக்கு வச்ச மாதிரியே இருக்கு பாருங்க," என்றார் 211. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

இரண்டாவது, சிறிய எவர்சில்வர் தூக்கு.

"மேடம் மேல உள்ள பிரியம் சார். கல்யாணமாகி ரெண்டாவது வாரத்துல வச்சது. அதுக்கப்புறம் புதுசா ஒண்ணும் வரலை. இதையே கெடாமப் பாத்துக்கிட்டேன்."

ஜெயக்கொடி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"இதையா இத்தனை வருசமா எனக்குச் சூடு பண்ணிச் சூடு பண்ணி வச்சீங்க?"

"கெட்டுப் போகலையே," என்றேன்.

"கெட்டுப் போகாததுதானே எனக்கு ஒத்துக்கலைன்னு டாக்டர் சொன்னாரு," என்று முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

"நான் இல்லாம ரெண்டு நாள் தாங்கும்," என்றார் 211.

அன்று வியாழக்கிழமை. ஜெயக்கொடி மூடியை மூடினாள்.

"ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போவேன். அதுக்குள்ள புதுசா இருந்தா எடுத்துவைங்க. இல்லாட்டி நான் சந்தையிலருந்து அப்படியே அண்ணன் வீட்டுக்குப் போயிக்கிறேன். அங்க கொல்லையில முருங்கை நிக்குது."

கோபம் அன்று சாயங்காலமே ஊசிப்போய்விட்டது. ஜெயக்கொடி அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு எருவாகப் போட்டாள். பால்காய்ப்பை நினைத்துப் பார்த்தேன். பாயசம் நன்றாக இருந்தது மட்டும்தான் ஞாபகம் வந்தது.

211 சோபாவிலேயே இருந்தார். அவர் தலைக்கு மேலிருந்த சாமி படத்தில் மல்லிகைச் சரம் வாடவேயில்லை. ஜெயக்கொடி வெள்ளிக்கிழமை அதைக் கழற்றி, வாடட்டும் என்று அடுக்களையில் தொங்கவிட்டாள்.

சனிக்கிழமை காலை தூக்கைத் திறந்தேன். ஓரத்தில் நுரை கட்டியிருந்தது. புளித்த வாடை. ஜெயக்கொடி கீரை வாங்கப் போயிருந்தாள்.

"புதுசா எப்படிச் செய்யிறது?" என்று 211-ஐக் கேட்டேன்.

"நான் வச்சிருக்கிறவன் சார். செய்யத் தெரியாது." என் சட்டைப் பையைப் பார்த்தார். அதில் அச்சகத்துக்கு மாதிரிக்காக வந்த சாஸ் பாக்கெட் ஒன்று இருந்தது. "நாக்குல ஒரு சொட்டு போதும். நானும் உள்ள வந்துருவேன், இதையும் எடுத்துக்குவேன். இப்பக்கூட லேசாத்தான் புளிச்சிருக்கு. மேடத்துக்குத் தெரியவா போகுது?"

பாக்கெட்டை எடுத்தேன். பழக்கத்தில் லேபிளை முழுக்கப் படித்தேன். அடைப்புக்குறிகள் சரியாக இருந்தன. தயாரித்த நாளிலிருந்து ஒன்பது மாதங்களுக்குள் பயன்படுத்தவும் என்று போட்டிருந்தது.

"ஒம்பது மாசத்துக்கு அப்புறம்?"

"இன்னொரு பாக்கெட்."

பிழை எதுவும் இல்லை. பாக்கெட்டை அவரிடமே கொடுத்தேன். அவர் அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். எதிர்வீட்டில் பிறந்தநாள், கேக் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. "வரேன் சார்," என்று தெருவைக் கடந்து அவர்களோடு உள்ளே போனார்.

அவரை அனுப்பிவிட்டு நான் வாசலில் நின்றபோது ஜெயக்கொடி கீரைக்கட்டோடு வந்தாள். கோபம் இருந்த இடத்தில் அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சிக் கிடந்திருக்கிறது. அது வாயில் வந்தது.

"வாங்க," என்றேன்.

அவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"என்ன வாங்க? இப்பத்தானே வாங்கிட்டு வர்றேன். தேங்காயா?"

"வாங்கறதுக்கு இல்ல. உன்னைத்தான் வாங்கன்னேன்."

"என்னையவா?"

"ஆமா."

அவள் கீரைக்கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். செருப்பை வழக்கமாக உதறிவிட்டு வருகிறவள், ஜோடியாகச் சேர்த்து வைத்தாள். உள்ளே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டேன்.

"அவரு சரியாப் பேசமாட்டாரு. மத்தபடி சௌக்கியம்."

"கீரை பிஞ்சா இருக்கே."

"ஆயணும்."

இருவருமாகத் தரையில் உட்கார்ந்து ஆய்ந்தோம். இலையில் பச்சைப் புழு தென்பட்டால் அவள் அதைக் காம்போடு கிள்ளி எடுத்துக் கறிவேப்பிலைச் செடியில் விட்டுவிட்டு வந்தாள். மூன்று முறை எழுந்து போனாள். இத்தனை வருடங்களில் நான் அதைப் பார்த்ததில்லை. நான்காவது புழுவை நான் கொண்டுபோய் விட்டேன். தூக்கை அவள் கழுவிக் கவிழ்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு நானும் போனேன். அவள் பையில் இரண்டு சேலைகள் இருந்தன. வேறொன்றும் இல்லை. அவள் அண்ணன் வீட்டுக்குப் போகும் பஸ் சந்தைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது.

வெண்டைக்காய்க் குவியலின் முன் குந்தி, ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்தாள். வளைந்தவற்றைத் திரும்பக் குவியலில் போட்டாள். ஒடிந்தவற்றைத் தராசுத் தட்டில் போட்டாள்.

"எல்லாத்தையும் ஒடிச்சுப்புட்டா மிச்சத்தை நான் யாருக்கு விக்கிறது தாயி?" என்றார் கடைக்காரர்.

"முத்தலை நீங்களே ஆக்கித் திங்க."

"என் பொண்டாட்டியும் அதையேதான் ஆக்கிப் போடுறா."

ஜெயக்கொடி சிரித்தாள். பிறகு திரும்பி, பக்கத்தில் குந்தியிருந்த என் இடது கையை எடுத்து, சுண்டுவிரலின் நுனியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பஸ் ஹாரன் அடித்தது. நுனி டக்கென்று ஒடிந்தது. உடைந்த இடத்தில் ஒரு துளி நீர் நின்றது.

அவள் அதைத் தட்டில் போட்டாள். தட்டு சற்றுத் தாழ்ந்தது. கடைக்காரர் வெண்டைக்காய் ஒன்றை எடுத்துவிட்டு முள்ளை நேராக்கினார். ஜெயக்கொடி சேலைகள் இரண்டையும் எடுத்து என் தோளில் போட்டுவிட்டு, காலிப் பையை விரித்துப் பிடித்தாள்.