பன்னிரண்டு ஊசிதான் இருக்கு

பொய் சொல்லக் கூடாதுதான். ஆனால் உண்மையை இரண்டு வருடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், பாதிப் பேர்கூடச் சட்டைக் கையை மடிக்கவில்லை.

எங்கள் கிளினிக் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. சனிக்கிழமை முடக்குவாதக்காரர்களின் நாள். வேடசந்தூர் மில்லிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் விரல் வீங்கியவர்கள் வருவார்கள். மூட்டுக்குக் கொடுக்கிற மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் கொஞ்சம் அடக்கி வைக்கும். சளி பிடித்தால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். அதனால் நிமோனியா தடுப்பூசி போடச் சொல்லி டாக்டர் கிளெமென்ட் சீட்டு எழுதுவார். சீட்டோடு என்னிடம் வருவார்கள். நான் நாகஜோதி, நர்ஸ். என் மேசைக்கு வந்ததும் ஒருவருக்கு அமாவாசை, இன்னொருவருக்கு ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கும், மூன்றாமவர் மச்சானைக் கேட்டுவிட்டு வருவார். அந்த மச்சான் கோழிப்பண்ணைக்காரர். கோழிக்கு மட்டும் நாள் தவறாமல் தடுப்பூசி போடுவார்.

போன சனிக்கிழமை ஃபிரிட்ஜில் நாற்பது ஊசி இருந்தன. கதவில் ஒரு தாளை ஒட்டினேன்: 'கையிருப்பு 12'. பிறகு ஓய்வுபெற்ற கண்டக்டர் கருப்பணனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். வெளிய சொல்லிராதீங்க."

முப்பது வருடம் ஸ்டாப்பிங் பெயரைக் கூவிய வாயில் ரகசியம் தங்குமா? பதினொரு மணிக்கெல்லாம் கூடமே என் மேசையைச் சுற்றி நின்றது. அமாவாசையைக் காணோம், காப்பையும் காணோம். மச்சானைக் கேட்க வேண்டியவர் கவுன்சிலரின் சிபாரிசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் இருபத்தாறு பேருக்குப் போட்டேன். பன்னிரண்டு எப்படி இருபத்தாறு ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. தனக்குக் கிடைத்ததே என்று போய்விட்டார்கள்.

அய்யம்மாள் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. வெங்காய மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர். என் கவலையெல்லாம் அவரைப் பற்றித்தான். தை மாதம் நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆக்சிஜனோடு கிடந்தார். விரல்கள் மடங்கிக்கொண்டே வருகின்றன, வெங்காயத்தை அள்ளித் தட்டில் போட முடியவில்லை. புது மருந்து தொடங்கினால் விரல் தப்பும். தடுப்பூசி போடாமல் அதைத் தொடங்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ மூன்று மாதமாக மழுப்புகிறார்.

"அக்கா, ரெண்டுதான் மிச்சம்" என்றேன்.

"கடைசி மூட்டை, கடைசி மூட்டைன்னு காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் நான் விக்கிறவ. எங்கிட்டயே விக்கிறியே தாயி."

கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றேன்.

"வெவரமானவன் வெங்காயத்தப் பாத்து வாங்க மாட்டான். 'ஒங்க வீட்டுக் கொழம்புக்கு எந்த மூட்டையில எடுத்தீங்க'ன்னு கேப்பான். நீ இந்த ஊசி போட்டியா?"

"எனக்கு எதுக்குக்கா? எனக்கென்ன வாதமா?"

அன்றைய பொய்களில் அதுதான் பெரியது.

அய்யம்மாள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். "இதச் செத்தத் தொறந்து குடு."

யோசிக்காமல் வாங்கினேன். பாட்டிலை வயிற்றோடு அணைத்து, மூடியை உள்ளங்கையால் அழுத்தித் திருகினேன். நிமிர்ந்தால் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"நானும் இப்படித்தான் தொறப்பேன். வெரலு நல்லா இருக்கிற எவளும் வயித்துல வச்சுத் தொறக்க மாட்டா. எத்தன வருசமா?"

"நாலு."

"ஊசி?"

"போடலக்கா."

சொல்லும்போதே முகம் சுட்டது. கொரோனா ஊசி போட்ட மறுநாள் என் மூட்டெல்லாம் வீங்கி, மூன்று நாள் சேலைக்கு ஊக்குக் குத்த முடியாமல் அழுதிருக்கிறேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 'வலிச்சாலும் ரெண்டு நாள்ல சரியாயிரும்' என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்ததும் இதே வாய்தான்.

அய்யம்மாள் குரலைத் தாழ்த்தினார். "நானும் அதுக்குத்தான் பயந்தேன். இருக்கிற வெரலும் போயிட்டா கடையில யாரு நிக்கிறது? சரி, பேரத்த முடிப்போம். ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மொதல்ல ஒனக்கு."

டாக்டரைக் கூப்பிட்டோம்.

"நீங்க போன வருசமே போட்டாச்சுன்னு சொன்னீங்களேம்மா" என்றார் அவர். அந்தப் பொய்யும் அங்கேயே உடைந்தது. அவர் எனக்கு ஊசி போடும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அய்யம்மாள் மூடவில்லை, எடை போடும்போது முள்ளைப் பார்ப்பதுபோல் மருந்து முழுதும் இறங்குகிறதா என்று பார்த்தார். பிறகுதான் தன் ரவிக்கைக் கையை ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது.

"கை வலிக்குதா?"

"குத்துன எடம் வலிக்குதுக்கா. உங்களுக்கு?"

"எனக்கும். வெரலு?"

மடக்கிப் பார்த்தேன். தினமும் இருக்கிற வலிதான், அதற்கு மேல் இல்லை. சேலைக்கு ஊக்கும் குத்தியிருந்தேன். "அப்படியேதான் இருக்கு" என்றேன்.

"எனக்கும் அப்படியேதான். புது மருந்துக்கு என்னைக்கு வரணும்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. நாலு வருடத்தை வீணாகப் பயந்தே ஓட்டியிருக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை அந்தத் தாளைக் கிழிக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்து எண்ணினேன். சரியாகப் பன்னிரண்டு இருந்தன. அப்படியே விட்டுவிட்டேன்.

"நெசமாவே பன்னிரண்டுதான் இருக்கு" என்று கூடத்தில் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. அய்யம்மாள் வாரம் முழுக்க வெங்காயத்தோடு என் கதையையும் விற்றிருக்கிறார்.

முதல் வரிசையில் வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கும் பாண்டியராஜ் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, தன் தண்ணீர் பாட்டிலை என் மேசைமேல் வைத்தார்.

"இதத் தொறங்க சிஸ்டர், பாப்போம்."

எல்லாரும் பார்க்க, பாட்டிலை வயிற்றோடு அணைத்துத் திறந்தேன்.

அவர் சட்டைக் கையை மடித்தார்.